ஈசலுக்குப் பின்னால் வந்த விரியன்

நவம்பர் கடைசி. மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் கொஞ்சம் வெளித்திருந்தது. மட்டக்களப்பில், கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே, ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் என் மாமி வீடு இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்றார்கள். நடுவே ஒரு கறுத்த பாம்பு செத்துக் கிடந்தது. அதன் வாயிலிருந்து இன்னொரு பாம்பின் வால், ஒரு சாண் நீளத்துக்கு, வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“குட்டி போட்டிருக்கு மனே” என்றார் பெத்தா (பாட்டி), என்னைக் கண்டதும்.

“வாயாலயா பெத்தா குட்டி போடும்?” என்று பக்கத்து வளவுப் பொடியன் கேட்டான். பெத்தா பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

இரண்டும் சண்டை பிடித்ததில் ஒன்று மற்றதன் வாய்க்குள் சிக்கிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். மாமா மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவர் கையில் இன்னும் பொல்லு இருந்தது.

நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவன். இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாம்பு என்றால் சொந்தக்காரர் யார் வீட்டிலிருந்தும் எனக்குத்தான் போன் வரும். பெரும்பாலும் நான் போவதற்குள் பாம்பு செத்துவிடும். அதில் எனக்குக் கவலை உண்டு. ஆனாலும் குழந்தை படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் வந்த விரியனை அடித்ததற்காக மாமாவைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு பாம்பை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அந்த வீட்டையே சுற்றிச் சுற்றி வந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இரவு நடந்தது

மாமியும் நாலு வயதுப் பேத்தியும் முன் ஹோலில் பன்பாய் விரித்துப் படுப்பார்கள். ஹோலின் ஒரு மூலையில் சிறுபோகத்தில் வெட்டி, சாப்பாட்டுக்கென்று எடுத்து வைத்த ஒன்பது நெல் மூட்டை. மறுபக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே விறாந்தை. விறாந்தைச் சுவரில் ஒரு வெள்ளை எல்ஈடி பல்ப். அது பொழுதுபட்டதும் எரியத் தொடங்கினால் விடிந்த பிறகுதான் அணையும்.

இரவு ஒரு மணி இருக்கும். மாமியின் காலில் ஏதோ குளிர்ந்து ஊர்ந்து போயிருக்கிறது. பூனை வால் என்று நினைத்துக் காலை இழுத்துக்கொண்டார். இழுத்தது மெதுவாக என்பதுதான் அவருடைய நல்ல காலம். பிறகு பூனை வெளியே கத்துவது கேட்டதும் டோர்ச் லைட் அடித்துப் பார்த்திருக்கிறார். சுவரோரமாக, பாயிலிருந்து ஒரு முழ தூரத்தில், எண்ணெய் தடவினாற்போல மினுங்குகிற ஒரு பாம்பு. பேத்தியை அப்படியே அள்ளிக்கொண்டு கத்தினார். மாமா வந்து அடித்தார். முற்றத்தில் இழுத்துப் போட்டுவிட்டு ஒருவரும் அதன் பிறகு நித்திரை கொள்ளவில்லை. விடிந்து பார்த்தபோதுதான் வாயில் மற்ற வால்.

வயிற்றுக்குள்

செத்த பாம்பு கடிக்காது என்று நினைக்க வேண்டாம். வெட்டி எடுத்த தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குத் தசை துடிப்பில் கடிக்கும். அதனால் முதலில் நான் செய்தது, தலையை ஒரு தகரப் பால்மா டின்னுக்குள் விட்டு, கழுத்தோடு சேர்த்துக் கட்டியதுதான். பிறகு மாமியின் தையல் நாடாவை எடுத்து அளந்தேன். 93 சென்ரிமீற்றர். நாட்டு விரியனில் இது நடுத்தர அளவு. விரியனுக்குள் இருந்த பாம்பை மெல்ல உருவி எடுத்தபோது அது 41 சென்ரிமீற்றர் வந்தது. தலைப் பக்கம் கொஞ்சம் கரைந்திருந்ததால் உயிரோடு இருந்தபோது இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கரைந்த தலைதான் பெத்தாவின் கட்சியை முறித்தது. விரியன் குட்டி போடுகிற இனமே இல்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு அடைகாக்கும். அப்போதுதான் பொரித்த குஞ்சு ஓரடிக்குள்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருந்த பாம்பின் தலையில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது, வாலோ புதுசுபோல இருந்தது. தலை முதலில் உள்ளே போயிருக்கிறது, வயிற்றுச் சாற்றில் அதிக நேரம் கிடந்ததும் அதுதான். அடி விழுந்த அதிர்ச்சியில் விரியன் கக்கப் பார்த்திருக்கிறது. கக்கும்போது கடைசியாகப் போனது முதலில் வரும், அதுதான் வால். மழைக்குளிரில் சமிபாடு மெதுவாக நடக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முந்தின இரவு விழுங்கியதாக இருக்க வேண்டும்.

இரையின் உடம்பு நேராக இல்லை, நெளி நெளியாக மடிந்து வந்தது. இதை நான் படித்திருக்கிறேன், கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். தன் நீளத்துக்குக் கிட்டிய நீளமுள்ள பாம்பை ஒரு பாம்பு எப்படி வயிற்றுக்குள் அடக்குகிறது என்று அமெரிக்காவில் கிங்ஸ்நேக் பாம்புகளை வைத்து 2004 இல் ஓர் ஆய்வு வெளியானது. விழுங்குகிற பாம்பு தன் முதுகெலும்பை வளைத்து வளைத்து இரையையும் அலைபோல மடக்கிவிடுகிறது. கயிற்றைப் பெட்டிக்குள் மடித்து வைப்பதுபோல. இங்கே இரை விரியனின் பாதி நீளம்கூட இல்லை, இருந்தும் அதே மடிப்புகள்.

அடுத்து அந்தச் சின்னப் பாம்பின் வயிற்றையும் கீறிப் பார்த்தேன். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் அந்த இடத்தில் விலகிப் போய்விட்டார்கள். உள்ளே ஒரு பல்லி. வால் இல்லை. விரல் நுனியில் மடிப்பு மடிப்பான தட்டுகள் தெளிவாகத் தெரிந்தன. வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லிதான். பல்லியின் வயிற்றுக்குள் நான் போகவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஜன்னல் கட்டை முழுக்க ஈசல் சிறகு குவிந்து கிடந்தது, கையால் அள்ளலாம்போல.

எந்தப் பாம்பு எது

நம் பக்கத்தில் இந்த விரியனுக்குப் பல பெயர். எண்ணெய் விரியன் என்பார்கள், கட்டுவிரியன் என்பார்கள், எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். கடித்தால் எட்டடி வைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவான் என்பது கதை. உண்மையில் மணித்தியாலக் கணக்கு எடுக்கும், அதுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன். கண்ணாடி விரியனை நம்மவர்கள் புடையன் என்று சொல்வதால் அந்த இரண்டும் குழம்புவதில்லை. விஞ்ஞானப் பெயர் பங்காரஸ் செருலியஸ். 1801 இல் ஷ்னைடர் வைத்தது. இலங்கையில் விரியன் இனம் இரண்டு. இது உலர்வலயத்துச் சமவெளிக்காரன். மற்றது இந்த நாட்டுக்கே உரியது, பெரும்பாலும் ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் இருப்பது.

விழுங்கப்பட்டது ஓநாய்ப்பாம்பு. புத்தகப் பெயர் அது; முன்பற்கள் நாய்ப்பல்போல நீண்டிருப்பதால் வந்தது. ஊரில் அதற்குத் தனிப்பெயர் சொல்லி நான் கேட்டதில்லை, எல்லாரும் அதையும் விரியன் என்றே சொல்லி அடித்துவிடுகிறார்கள். விஷமில்லாத பாம்பு. சுவரில், ஓட்டுக்கூரையில் ஏறுவதில் கெட்டிக்காரன். இரவில் பல்லி தேடித் திரிவதுதான் அதன் தொழில்.

இரண்டுக்கும் கறுப்புடம்பில் வெள்ளைப் பட்டை. விரியனில் பட்டைகள் மெல்லிய கோடுகள், பெரும்பாலும் சோடி சோடியாக. கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் போகப் போகத் தெளியும். ஓநாய்ப்பாம்பில் நேர்மாறு: கழுத்திலேயே பட்டை தொடங்கி, வாலுக்குப் போகும்போது மங்கிவிடும். செத்ததை வைத்துப் பார்ப்பதானால் இன்னும் இரண்டு அடையாளம் உண்டு. விரியனின் முதுகு நடுவே ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிதாக, ஆறுமூலையாக இருக்கும். வாலின் அடிச்செதில்கள் விரியனில் ஒற்றையாக முழுசாக இருக்கும், ஓநாய்ப்பாம்பில் இரண்டாகப் பிரிந்திருக்கும். உயிரோடு உள்ள பாம்பில் இதையெல்லாம் கிட்டப்போய்ப் பார்க்கிற வேலை வேண்டாம். பட்டை தெரிகிற தூரம் போதும், சந்தேகம் வந்தால் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சில்லாத பாம்பு விரியனைப்போல வேடம் போட்டிருப்பதால் மற்ற விலங்குகள் அதைத் தொடப் பயப்படும் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். சரி, இருக்கலாம். ஆனால் விரியனிடமே அந்த வேடம் செல்லவில்லை. அது கண்ணை நம்பி வேட்டையாடுவதில்லை, நாக்கால் மணம் பிடித்து வருகிறது.

விரியனின் சாப்பாடு

பாம்பு என்றால் எலி தின்னும் என்பது நம் மனதில் ஊறிவிட்டது. நாகத்துக்கும் புடையனுக்கும் சாரைக்கும் அது பெருமளவு பொருந்தும். விரியன் வேறு மாதிரி. அதன் முதல் விருப்பம் மற்றப் பாம்புகள். மண்ணுக்குள் வாழ்கிற, மண்புழு மாதிரித் தெரிகிற குருட்டுப்பாம்பு, ஓநாய்ப்பாம்பு, புல்லுக்குள் திரிகிற சின்னப் பாம்புகள், வேளை வந்தால் தன் இனத்துக் குட்டியையும் விடாது. அதற்கு அடுத்தபடியாக அரணை, பல்லி, சுண்டெலி, தவளை. குஞ்சாக இருக்கும்போது பூச்சி புழுவும் தின்னும். ராஜநாகம் பாம்பைத் தின்னும் என்று டீவியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள். ராஜநாகம் இலங்கையில் கிடையாது. நம் ஊரில் பாம்பு தின்னிப் பாம்பு பார்க்க வேண்டுமென்றால் விரியன்தான்.

பாம்பைத் தின்பதில் லாபம் இருக்கிறது. விரியனின் தலை சின்னது, கழுத்தும் தலையும் ஏறத்தாழ ஒரே பருமன். புடையனைப்போல வாயை அகலப் பிளந்து கொழுத்த வயல் எலியை விழுங்க அதனால் முடியாது. பாம்பு ஒன்று கிடைத்தால், குறுகின வாய்க்குள்ளேயே நிறைய இறைச்சி போகும். காலில்லை, மயிரில்லை, தோளெலும்பில்லை. வளையோ, கல்லிடுக்கோ, ஓட்டுக்கும் சுவருக்கும் இடைவெளியோ, இரை நுழைகிற துளையில் இதுவும் நுழையும். ஆனால் பாம்பு இரைக்கும் பல் உண்டு, சுற்றிக்கொள்கிற பலமும் உண்டு. எலியைக் கொத்திவிட்டு விட்டுவிட்டு, அது போய் விழுந்த இடத்தைத் தேடிப் போகும் புடையன். விரியன் பிடித்த பிடியை விடாமல் தொங்கும். இரை திமிறுவதை நிறுத்த வேண்டும், அதுவும் சீக்கிரம்.

விரியனின் நஞ்சு அந்த வேலைக்கென்றே ஆனது. நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற பொருள். விரியன் நஞ்சில் ஒரு பகுதி, அந்தப் பொருளை வாங்குகிற தசையின் வாசலை அடைக்கிறது. இன்னொரு பகுதி, அதை அனுப்புகிற நரம்பு முனையையே கெடுத்துவிடுகிறது. இந்த நஞ்சுப் புரதங்களை முதலில் பிரித்தெடுத்தது தைவானில், அங்கே உள்ள இதன் உறவுக்கார விரியனிலிருந்து, 1963 இல். பங்கரோடாக்சின் என்ற பெயரே விரியனின் இனப்பெயரிலிருந்து வந்ததுதான். ஓநாய்ப்பாம்பை அசையாமல் போடச் சேர்த்து வைத்த சரக்கு அது. அதே வாசலும் அதே நரம்பு முனையும் நமக்கும் இருப்பதுதான் நம் துரதிர்ஷ்டம்.

விரியனின் சாப்பாட்டு நேரமும் இதில் முக்கியம். பகலில் அது வேறு பாம்பு. சுருண்டு, தலையை உடம்புக்குள் ஒளித்துக்கொண்டு கிடக்கும், தட்டினாலும் ஓடப் பார்க்காது. இதைப் பார்த்துவிட்டு “சாதுவான பாம்பு” என்பவர்கள் உண்டு. இருட்டினால் அது வேட்டைக்காரன், வேகமாக நடமாடும், தொட்டால் கொத்தும். நாம் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிற நேரமும் அதுவும் ஒன்று.

ஏன் அந்த வீடு

அன்றைக்கு முற்றத்தில் நின்ற எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: நெல் மூட்டை, எலி, அதுதான் பாம்பு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தோம். எலிப்புழுக்கை கொஞ்சம் இருந்தது, ஒரு மூட்டையின் அடியில் கடித்த ஓட்டையும் இருந்தது. ஆனால் விரியனுக்குள் எலியின் மயிர்கூட இல்லை. மயிரும் பல்லும் வயிற்றில் லேசில் கரையாது. அந்தப் பாம்பு அண்மையில் எலி தின்றிருந்தால் குடலின் கடைசிப் பக்கத்திலாவது அடையாளம் இருந்திருக்கும்.

அன்றிரவு நான் மாமி வீட்டிலேயே தங்கினேன். ஒன்பது மணிக்கு விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். பல்பைச் சுற்றிச் சுவரில் 23 பல்லி எண்ணினேன். ஓட்டுக்குள் ஓடி ஒளிந்தவை கணக்கில் இல்லை. பல்புக்கு நேர் கீழே தரையில் மூன்று தேரை, வாயைத் திறந்து மூடுவதே வேலையாக. அதே நேரம் குசினியில், அங்கே லைட் எட்டு மணிக்கே அணைந்துவிடும், நாலு பல்லி. பத்தரை மணிக்கு, ஜன்னல் நிலைக்கு மேலே ஓட்டு விளிம்பிலிருந்து ஒரு மெலிந்த தலை நீண்டது. தட்டையான மூக்கு, புடைத்த கறுத்த கண். இன்னொரு ஓநாய்ப்பாம்பு. சுவரோடு சுவராக இறங்கி, ஒரு பல்லியைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஏறிப் போனது. எல்லாம் மூன்று நிமிடம். மாமா பொல்லை எடுக்க எழும்பினார், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஆக விரியனுக்கு அந்த வீட்டில் சாப்பாடு எங்கே இருந்தது என்பது தெரிந்துவிட்டது. நெல் மூட்டையில் இல்லை, ஜன்னல் நிலைக்கு மேலே. பல்லி லைட்டுக்கு வந்தது, ஓநாய்ப்பாம்பு பல்லிக்கு வந்தது, விரியன் ஓநாய்ப்பாம்புக்கு வந்தது. பாய் அந்த வழியில் விரித்திருந்தது, அவ்வளவுதான்.

அப்போ அந்த லைட் ஏன் இரவு முழுக்க எரிகிறது? மாமாவைக் கேட்டேன்.

“யானைக்கு” என்றார்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கிழக்கே எழுவான்கரையிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மாரி தொடங்கி வயல் பச்சை கட்டியதும் யானை ஊருக்குள் இறங்கும். வாழை, தென்னம்பிள்ளை எல்லாம் போகும். வீட்டுக்குள் நெல் மணத்தால் சுவரை இடித்துத் தும்பிக்கையை விட்டு மூட்டையை இழுக்கும். வெளிச்சம் இருந்தால் கிட்ட வராது என்ற நம்பிக்கையில், வசதியுள்ளவர்கள் வெளியே இரவெல்லாம் லைட் போட்டு வைப்பார்கள். அப்படிப் போட்ட லைட் ஈசலை இழுத்திருக்கிறது. யானைக்குப் பயந்து விரியனை அழைத்த கதை.

ஈசல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனதில்தான் அடுத்தது கிடைத்தது. வளவின் பின் வேலியோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறையான் புற்று. முதல் மழைகளில் ஈசல் புறப்பட்ட துளைகள் அதில் இன்னும் திறந்திருந்தன. புற்றின் அடியில், கறையான் விட்டுவிட்டுப் போன பக்கத்தில், கை நுழைகிற பொந்து இரண்டு. ஒன்றின் வாசலில் காகிதம்போலப் பாம்புச் சட்டை. முதுகு நடுவே பெரிய ஆறுமூலைச் செதில் வரிசை தெரிந்தது. விரியனின் வீடும் ஈசலின் வீடும் ஒன்றே.

மழையையும் இதில் சேர்க்க வேண்டும். மூன்று நாள் மழையில் வரம்போர வளைகளும் பொந்துகளும் தண்ணீர் நிறைந்துவிடும், பாம்பு மேட்டைத் தேடித்தான் வரும். மட்டக்களப்பில் வருட மழையின் பெரும்பகுதி நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த விரியன் சும்மா உலர்ந்த இடம் தேடி வந்திருக்கலாம், வந்த இடத்தில் சாப்பாடும் கிடைத்திருக்கலாம். ஒரே ஒரு பாம்பின் வயிற்றை வைத்து இந்த இரண்டையும் பிரித்துவிட முடியாது. என் சாய்வு சாப்பாட்டுப் பக்கம். மேட்டு வளவு அந்த ஒழுங்கையில் ஐந்தாறு இருக்கின்றன, இரவு முழுக்க வெள்ளை லைட் எரிகிறது இந்த ஒன்றில்தான்.

மச்சானின் வயிற்றுவலி

மாமி ஏன் அன்றிரவு அப்படிக் கத்தினார் என்பதற்கு இந்த வீட்டில் ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன், அவருடைய மூத்த மகன், என் மச்சான், வயல் வாடியில் நிலத்தில் படுத்திருந்தவன், விடியப்புறம் மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று எழும்பினான். கடித்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. விரியனின் பல் சின்னது. கடித்த இடத்தில் வீக்கம் இராது, வலியும் பெரிதாக இராது, நித்திரையில் இருப்பவன் நுளம்பு என்று நினைத்துத் திரும்பிப் படுப்பான். வீட்டுக்கு வந்தவனுக்கு மாமி ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். இரவு தின்ற கருவாட்டுக்கறியில் பழி விழுந்தது. விடிந்தபோது அவனுடைய கண் இமை இரண்டும் தூக்க முடியாமல் விழுந்திருந்தன, பேச்சுக் குழறியது. அப்போதுதான் ஒழுங்கையில் ஒரு கிழவர், விரியன் தீண்டியிருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றார்.

மூச்சு விடுகிற தசையும் சோர்ந்து, ஆறு நாள் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருந்து பிழைத்து வந்தான். நஞ்சுமுறி மருந்து ஏற்றினார்கள். நாகம், விரியன், புடையன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து இந்தியாவில் செய்கிற மருந்து அது. இரத்தத்தில் ஓடுகிற நஞ்சை அது பிடிக்கும். ஆனால் நரம்பு முனை ஏற்கெனவே கெட்டுப் போயிருந்தால் மருந்து அதைத் திருப்பித் தராது, நரம்பே மெல்ல மெல்லப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதுவரை மூச்சைப் பிடித்து வைத்திருப்பது இயந்திரம்தான். அதனால்தான் பாயில் படுத்தவருக்கு இரவில் காரணமில்லாமல் வயிற்றைப் பிடித்தால், காயம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்காமல் வாகனம் பிடிக்க வேண்டும் என்று நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நாடு முழுக்க வீடு வீடாகச் செய்த ஒரு கணக்கெடுப்பு 2016 இல் வெளியானது. வருடத்தில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, அதில் 30,000 பேருக்கு நஞ்சேறுகிறது, 400க்கு மேல் சாகிறார்கள் என்று அது சொன்னது. ஆஸ்பத்திரிக் கணக்குகளைவிட அது எவ்வளவோ கூட. எத்தனை பேர் ஓமத்தண்ணியோடு நின்றுவிடுகிறார்கள் என்று அதை வாசித்தபோது மச்சானின் ஞாபகம்தான் வந்தது.

செய்து பார்த்தது

முதல் வேலை நுளம்புவலை. நேபாளத்தின் தென்கிழக்கில் செய்து 2007 இல் வெளியான ஆய்வொன்று, வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி நன்றாகக் குறைவதைக் காட்டியது. மாமி வீட்டில் வலை இருந்தது, பெட்டிக்குள். வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிப் படுக்க வேண்டும், சும்மா தொங்கவிட்டால் பாம்பு கீழால் வரும், பிறகு வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே நிற்கும். மாமிக்கு வெக்கை என்று ஒரு முறைப்பாடு. பேத்திக்கு அது கூடாரம், பகலிலும் கழற்ற விடுவதில்லை.

இரண்டாவது, லைட். யானைப் பயத்தில் அணைக்கவே மாட்டேன் என்றார் மாமா. சரி, அணைக்க வேண்டாம், இடம் மாற்றுவோம் என்று, முன் வேலி மூலையில் ஒரு கம்பம் நட்டு, வீட்டிலிருந்து முப்பதடி தள்ளிப் பல்பைக் கொண்டுபோனோம். வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சள் வெளிச்சம் போட்டோம். நீல வெளிச்சம் குறைந்தால் பூச்சி வருவதும் குறையும். விறாந்தை இருட்டாயிற்று.

நெல் மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பலகைமேல் ஏற்றினோம். எலிக்காக அல்ல, சுவரோரம் ஒளிப்பிடம் இல்லாமல் செய்ய. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த வாய்களைச் சீமெந்தும் கம்பிவலையும் வைத்து அடைத்தது மச்சான். கூரையில் ஏறுவதற்கு அவனைவிட உற்சாகமாக யாரும் இல்லை.

புற்றை உடைப்பதா என்று பேச்சு வந்தது. பெத்தா நாகதம்பிரானுக்குப் பால் வைக்கிற புற்று அது. கை வைத்தால் தான் வீட்டை விட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். எனக்கும் உடைக்க விருப்பமில்லை, காரணம் வேறு: மழைக்காலத்தில் புற்றை உடைத்தால் உள்ளே இருப்பது எல்லாம் அன்றிரவே வீட்டுக்குள் வரும். அந்த விஷயத்தில் நானும் பெத்தாவும் முதல் தடவையாக ஒரே கட்சி.

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மறுபடியும் விறாந்தையில் உட்கார்ந்து எண்ணினேன். எட்டுப் பல்லி. ஜனவரியில் ஆறு. ஈசல் காலம் அதற்குள் முடிந்துவிட்டதால் லைட்டை மாற்றியதால்தான் குறைந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அடுத்த நவம்பரில் எண்ணினால்தான் அது தெரியும். ஓநாய்ப்பாம்பை இருமுறை போயும் காணவில்லை. விரியன் அதற்குப் பிறகு வீட்டுக்குள் வரவில்லை. யானை ஒரு தடவை வந்தது, கம்பத்தடியில் நின்று, வேலியோர வாழை இரண்டைத் தின்றுவிட்டுப் போயிற்று. வெளிச்சம் அதற்கு வசதியாக இருந்திருக்கும் என்கிறார் மாமா.

தைப்பொங்கலுக்குப் போனபோது மாமி என்னை முன் வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பத்தைக் காட்டினார். பல்புக்குக் கீழே நாலு பல்லி.

“அப்போ மருமகன், பாம்பும் இனி இங்கதானே வரும்?”

“ஓம் மாமி. வரும்.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வரட்டும். என்ட பாய் அங்கதானே கிடக்கு” என்று சொல்லிப் பொங்கல் பானையைப் பார்க்கப் போனார்.